மூடிய ஏடும் விரிந்த படமும்

திருமுதுகுன்றம் என்பது எம் ஊரின் பழம்பெயர். விருத்தாசலம் என இக்காலத்தார் வழங்குவர். மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழமலைநாதர் திருக்கோயிலை முதன்முறையாகக் கண்டு வெளிவரும் வெளியூர்ச் சிறுவனை நிறுத்தி, "உள்ளே கண்டவற்றைச் சொல்" என்று கேட்டால் அவன் திகைப்பான். எம் ஊர்ப் பிள்ளைகள் திகைப்பதில்லை. கோபுரம் ஐந்து, திருச்சுற்று ஐந்து, கொடிமரம் ஐந்து, நந்தி ஐந்து, தேர் ஐந்து, தீர்த்தம் ஐந்து என்று விரல்களை மடக்கி விரைந்து கூறுவர். அவர்தம் நினைவாற்றல் மற்றையோரினும் மிக்கதென்று கருத வேண்டா. ஐந்து என்னும் எண் நடுவே நிற்கின்றது. அதிலிருந்து கிளைகள் பிரிகின்றன. நடுவில் உள்ளதைப் பற்றியவனுக்குச் சுற்றியுள்ளவை தாமே வந்து நிற்கும்.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கும் இம்முறை புதிதன்று. எழுத்து முதலெழுத்து எனவும் சார்பெழுத்து எனவும் இரண்டாகப் பிரியும். முதலெழுத்து உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டுமாக முப்பது. சார்பெழுத்தோ பத்துவகைப்படும். யான் தமிழாசிரியனாக இருந்த நாளில், இவற்றைக் கரும்பலகையில் ஓர் அடிமரமாகவும் கிளைகளாகவும் வரைந்து காட்டுவது வழக்கம். பின்வரிசை மாணவரும் அந்த மரத்தை மறவார். ஆயினும், மரத்தை நினைவில் வைத்திருந்த அனைவரும் இலக்கணம் அறிந்தவராயினர் என்று சொல்ல இயலாது. இது ஏன் என்னும் ஐயம் என் உள்ளத்தில் நெடுநாள் இருந்தது. அதற்கு விடைகாணும் வாய்ப்பு, யான் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

என் பெயர்த்தி கடலூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் செவிலியர் பட்டப்படிப்பு மூன்றாம் ஆண்டு பயில்கின்றாள். சென்ற விடுமுறையில் அவளும் அவள் தோழியர் இருவரும் எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பெரிய தாள்களை விரித்து, வண்ண எழுதுகோல்களால் ஏதோ வரைந்துகொண்டிருந்தனர். கோலமோ என்று எண்ணி அருகில் சென்றேன். தாளின் நடுவில் ஒரு நோயின் பெயர் வட்டத்துள் எழுதப்பட்டிருந்தது. வட்டத்திலிருந்து பல திசைகளிலும் கிளைகள் ஓடின. ஒரு கிளையில் நோயின் காரணங்கள், மற்றொன்றில் அறிகுறிகள், வேறொன்றில் மருந்துகள், பிறிதொன்றில் செவிலியர் செய்ய வேண்டிய பணிகள். "இதற்கு மைண்ட் மேப் என்று பெயர், தாத்தா" என்றாள் பெயர்த்தி. மனவரைபடம் என்று நாம் தமிழில் வழங்கலாம்.

இம்முறையை உலகெங்கும் பரப்பியவர் இங்கிலாந்து நாட்டு டோனி புசான் என்பவர். 1974-ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் நடத்திய நிகழ்ச்சியால் இது பலர்க்கும் அறிமுகமாயிற்று. அதற்குச் சிறிது முன்னரே, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்னும் பேராசிரியர் தம் குழுவினருடன் இதனை ஒத்த வேறொரு முறையைக் கண்டார். அதனைக் கருத்துப்படம் என்பர். இரண்டற்கும் உள்ள வேறுபாடு சிறிதெனினும் இன்றியமையாதது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

செவிலியர் தொழிலுக்கும் படம் வரைதலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையாரைக் கைவிளக்கேந்திய காரிகையாக நாம் அறிவோம். கிரிமியப் போரில் வீரர்கள் எவ்வாறு இறந்தனர் என்பதை விளக்க, அவர் 1858-இல் ஒரு படத்தை வெளியிட்டார். ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் ஒரு வட்டத்தின் பன்னிரு கூறுகளாக நின்றன. போர்ப் புண்ணால் இறந்தோரைச் செந்நிறமும், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோரை நீலநிறமும், பிற காரணங்களால் இறந்தோரைக் கருநிறமும் காட்டின. நீலம் மற்றை இரண்டையும் விழுங்கிப் பெருகி நின்றது. பகைவரின் குண்டினும் பாசறையின் அழுக்கே மிகுதியாகக் கொன்றது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதிய அறிக்கையினும் அந்த ஒரு தாள் விரைவாக உணர்த்தியது. இலண்டனில் 1860-இல் செவிலியர்க்கெனப் பயிற்சிப்பள்ளி ஒன்று அமைவதற்கும் அவ்வம்மையாரே காரணமாவார்.

நம் நாட்டில் 1946-ஆம் ஆண்டு வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் கல்வி பட்டப்படிப்பாக வளர்ந்தது. அன்று தொட்டு இன்றுவரை அப்படிப்பின் சுமை ஏறிக்கொண்டே வந்துள்ளது. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், உணவியல், உளவியல், குழந்தை நலம், மகப்பேறு, ஊர்நலம் எனப் பாடங்கள் நீள்கின்றன. அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளன. எம் வட்டாரத்துச் சிற்றூர்களில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே பயின்று சென்ற பெண்கள், முதல் ஆண்டில் தடித்த ஆங்கில நூலைத் திறந்து வைத்துக் கண் கலங்குவதுண்டு. பொருள் விளங்காமலே பத்தி பத்தியாக மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளில் இறக்கிவைத்துத் திரும்புவோரும் உளர். தேர்வு முடிந்தவுடன் அந்தப் பாடமும் முடிந்துவிடுகின்றது. நோயாளிக்கு அவ்வாறு முடிவதில்லையே!

(செவிலி என்னும் சொல் நம் அகப்பாடல்களில் பயிலும் பழஞ்சொல். தலைவியை வளர்த்தவள் செவிலித்தாய். அவள் மகளே தோழி. பெற்ற தாயினும் மிகுதியாக உடனிருந்து காப்பவள் என்பது அச்சொல்லில் அடங்கியுள்ள குறிப்பு. 'நர்சு' என்பதற்கு அச்சொல்லைத் தேர்ந்து வழங்கியவர் நல்ல தமிழறிவினர்.)

மூவரும் ஒரே வகுப்பினர். ஒரே ஆசிரியையிடம் இம்முறையைக் கற்றவர். ஆயினும் அதைப்பற்றி அவர்கள் கொண்டிருந்த கருத்து ஒன்றாக இல்லை.

என் பெயர்த்திக்கு மனவரைபடம் மிகவும் பிடித்திருந்தது. "நாற்பது பக்கப் பாடம் ஒரு தாளில் அடங்கிவிடுகின்றது. மறுநாள் மருத்துவமனைப் பணிக்குச் செல்லுமுன் ஒருமுறை பார்த்தால் போதும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிகின்றது. அதிலும் நான் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம்" என்றாள். அவள் தாளை நோக்கினேன். மருந்தின் பெயரும் நோயின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தன. இடையிடையே "மூச்சு இரைக்கும்", "கால் வீங்கும்", "உப்பைக் குறை" என நம் வீட்டுத் தமிழ் துள்ளி விளையாடியது. எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாமவள் செராமிக் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தொழிலாளி ஒருவரின் மகள். அவள் சிறிது முகம் சுளித்தாள். "ஐயா, ஒரு படம் வரைய இரண்டு மணிநேரம் ஆகின்றது. பாடமோ ஐம்பது. ஆகையால் எங்கள் விடுதியில் பலர் வரைவதே இல்லை. மூத்த மாணவியர் வரைந்த படம் கைப்பேசியில் வருகின்றது. அதையே அச்செடுத்து ஒட்டிவிடுகின்றனர். அப்பா வேலை செய்யும் இடத்தில் பொம்மை வார்ப்பதுபோல் இருக்கின்றது" என்றாள்.

அவள் சொன்ன உவமை எம் ஊரார்க்கு எளிதில் விளங்கும். பிற ஊரார்க்காகச் சிறிது விளக்குவேன். பீங்கான் களிமண்ணை நீரில் கரைத்துக் கூழாக்கி, சுண்ணச் சாந்தால் செய்த அச்சினுள் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் உட்சுவரை ஒட்டி மண் ஒரு மெல்லிய படலமாகப் படியும். பின்பு எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, சற்று உலர்ந்தபின் அச்சைப் பிரித்தால் பொம்மை வெளிப்படும். நூறு பொம்மைக்கும் முகம் ஒன்றே. உள்ளே எல்லாம் வெற்றிடம். பொம்மைக்கு அது குற்றமன்று. சூளையில் வெந்து, மெருகேறி, கொலுப்படியில் அமர்ந்தால் அதன் பணி நிறைவுற்றது. பிறர் வரைந்த படத்தைத் தன் ஏட்டில் ஒட்டிக்கொண்ட மாணவியின் நெஞ்சிலும் மேற்படலம் ஒன்றே படிகின்றது. அவள் பணி கொலுப்படியில் இல்லை.

மூன்றாமவள் யாதும் பேசாது இருந்தாள். வற்புறுத்திக் கேட்டபின், "எனக்கு இது ஒத்துவரவில்லை ஐயா. அம்புக்குறி போட்டதும் தெரிந்துவிட்டது போலத் தோன்றுகின்றது. படத்தை மறைத்துவிட்டு யாராவது கேட்டால் வாய் வரவில்லை. நான் மொட்டைமாடியில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன்" என்று தயங்கித் தயங்கிக் கூறினாள். மற்றை இருவரும் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. பல்லாண்டு என்னைத் தொடர்ந்த ஐயத்தின் முடிச்சை அப்பெண் தொட்டுவிட்டாள் எனத் தோன்றியது.

அன்று தொடங்கி இப்பொருள்பற்றி அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றைப் பெயர்த்தியின் துணையோடு தேடிப் படித்தேன். இலண்டன் மருத்துவ மாணவர் ஐம்பதின்மரைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. 600 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை அவர்கள் பயின்றனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மனவரைபட முறையில் பயின்றோர் தாம் விரும்பிய முறையில் பயின்றோரைவிடச் சற்று மிகுதியாக நினைவு கூர்ந்தனர். வேறுபாடு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து. ஆனால் அம்முறையில் அவர்களுக்கு நாட்டம் குறைவாகவே இருந்ததாம். பயன் தந்த முறை விருப்பம் தரவில்லை.

மற்றோர் ஆய்வு இதற்கு மறுதலையான செய்தியைக் கூறுகின்றது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ப்பிக், பிளண்ட் என்னும் இருவர் 2011-இல் அதனை வெளியிட்டனர். ஒரே மாணவர், அறிவியற் பகுதி ஒன்றை நூலைத் திறந்துவைத்துக் கருத்துப்படம் வரைந்து பயின்றனர். மற்றொரு பகுதியைப் படித்தபின் நூலை மூடிவிட்டு, நினைவுக்கு வந்தவற்றை எழுதிப் பயின்றனர். ஒரு வாரம் கழித்துத் தேர்வு நடந்தது. 120 மாணவரில் ஐந்தில் நான்கு பங்கினர்க்கு மேல், நூலை மூடி எழுதிய பகுதியிலேயே சிறந்து விளங்கினர். வியப்பு யாதெனில், பயன் எதில் மிகும் என்று அம்மாணவரையே முன்னர்க் கேட்டபோது, பெரும்பாலோர் படம் வரைதல் எவ்வகையிலும் குறைந்ததன்று என்றே நம்பியிருந்தனர். ஒரு முறை நமக்கு இனிக்கின்றது என்பதும், அது நமக்குப் பயன்படுகின்றது என்பதும் வெவ்வேறு செய்திகள் போலும்.

அப்படியாயின் படத்தைக் கிழித்தெறிந்துவிடலாமா? அவ்வறிஞர் இருவரும் 2014-இல் மற்றுமோர் ஆய்வை வெளியிட்டு அதற்கும் விடை தந்தனர். நூலை மூடிவைத்து நினைவிலிருந்து வரையும் படம், நினைவிலிருந்து எழுதும் பத்தியைப் போலவே நன்கு பயன்படும் என்று கண்டனர். ஆற்றல் வட்டத்திலோ வண்ணத்திலோ இல்லை. நூலின் துணையின்றி உள்ளத்தைத் துழாவி எடுக்கும் முயற்சியிலே உள்ளது. மொட்டைமாடியில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்த பெண் அம்முயற்சியைத்தான் செய்தாள்.

இதனைக் கேட்டவுடன் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் அந்நூலின் தொடக்கத்திலேயே கல்வி நிரம்பும் வகையைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆசிரியர் சொல்வதை எத்துணை நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் காற்பங்குதான் கிட்டும் என்றார். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து சேரும். ஆய்வுக்கூடமும் புள்ளிக் கணக்கும் இல்லாத காலத்தில் அவர் போட்ட கணக்கு எத்துணைச் செம்மையாக அமைந்துள்ளது, பாருங்கள்!

இனி, முன்னர்க் கூறுவேன் என்ற வேறுபாட்டிற்கு வருகின்றேன். மனவரைபடத்தில் கிளைகள் வெறுங்கோடுகள். நோவாக் வகுத்த கருத்துப்படத்தில் ஒவ்வொரு கோட்டின்மேலும் இணைப்புச்சொல் ஒன்று எழுதப்படும். இலக்கணம் கற்றவனுக்கு இது தலையாய செய்தி. சொல் இல்லாத அம்புக்குறி பயனிலை இல்லாத தொடரை ஒத்தது. 'மருந்து', 'சிறுநீரகம்' என்னும் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டால், மருந்து சிறுநீரகத்தைக் காக்கின்றதா, கெடுக்கின்றதா, அதன் வழியே வெளியேறுகின்றதா? கோடு வாய் திறவாது. நன்னூலார், சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் வகையையும் நான்காகப் பிரித்தார். ஆற்றின் நீரோட்டம்போல் இடையறாது செல்வது ஒன்று. அரிமா முன்னும் பின்னும் நோக்குவதுபோல் இருபுறமும் இயைவது ஒன்று. தவளைபோல் இடைவிட்டுத் தாவுவது ஒன்று. பருந்துபோல் வீழ்ந்து கொண்டதைப் பற்றிச் செல்வது ஒன்று. தொடர்பு உண்டு என்பதோடு நில்லாமல், எத்தகைய தொடர்பு என்று கேட்டவர் நம் முன்னோர்.

இதனை அப்பெண்களுக்கு விளக்க, அவர்கள் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கேட்டேன். பெயர்த்தி மகப்பேற்றுப் பாடத்திலிருந்து ஒன்று தந்தாள். கருவுற்ற தாய்க்கு இரத்த அழுத்தம் மிக உயர்ந்து வலிப்பு நேரிடுவது உண்டு. தாய் சேய் இருவர் உயிரும் ஊசலாடும் நிலை அது. வலிப்பை அடக்க மெக்னீசியம் சல்பேட் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்துவர். அடுத்த முறை அம்மருந்தைச் செலுத்துமுன் செவிலியர் மூன்றனை நோக்க வேண்டும். முழங்காலின் கீழ்த் தட்டினால் கால் துள்ளுகின்றதா? மூச்சு நிமிடத்திற்குப் பதினாறுக்குக் குறையாமல் உள்ளதா? சிறுநீர் மணிக்கு முப்பது மில்லிலிட்டருக்குக் குறையாமல் இறங்குகின்றதா? பெயர்த்தியின் தாளில் இவை மூன்றும் மூன்று கிளைகளில் அழகாக நின்றன.

"மூன்றில் இரண்டு சரியாக இருந்து, சிறுநீரை அளக்க மறந்துபோயிற்று என்று கொள்வோம். மருந்தைச் செலுத்தலாமா?" என்று கேட்டேன். பெயர்த்தி தாளை நோக்கினாள். தாளில் விடை இல்லை.

பின்பு மூவரும் கூடி இணைப்புச்சொற்களைத் தேடினர். அம்மருந்து சிறுநீரின் வழியாகவே உடலைவிட்டு நீங்குகின்றது. *ஆதலால்* சிறுநீர் குறைந்தால் மருந்து இரத்தத்தில் தேங்கும். தேங்கினால் *முதலில்* முழங்காலின் துள்ளல் மறையும். மேலும் தேங்கினால் *அதன்பின்* மூச்சு தளரும். அந்நிலையில் மருந்தை நிறுத்தி, மாற்றாகக் கால்சியம் குளுக்கோனேட் தர வேண்டும். இவ்வாறு சொற்களை இட்டபின், தனித்தனியே நின்ற மூன்று கிளைகளும் ஒரே நீரோட்டமாயின. சிறுநீர் அளவு மூன்றில் ஒன்று என எண்ணிக் கழிக்கத்தக்கதன்று; நிகழவிருக்கும் கேட்டை முன்னதாக அறிவிப்பது அது. நள்ளிரவில் நிறைந்து வழியும் மகப்பேற்று விடுதியில், ஒருத்தியே பல தாய்மாரைக் காக்கும் வேளையில், "இதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்னும் எண்ணம் எழாமல் தடுப்பது *ஆதலால்* என்னும் அந்த ஒரு சொல்.

ஆங்கில நூலில் இச்செய்தி இல்லாமல் இல்லை. பத்தியின் நடுவே அது அடக்கமாக அமர்ந்திருக்கின்றது. மனப்பாடம் செய்தவர் அதனைக் கடந்து சென்றனர். படத்தை ஒட்டியவர் அதனைக் கண்டதே இல்லை.

காலம் போதவில்லை என்ற இரண்டாமவளின் குறையும் நியாயமே. ஐம்பது பாடத்திற்கும் வண்ணப்படம் வரையப் பணிப்பது மாணவியரைச் சித்திரக்காரர் ஆக்கும் முயற்சியாகிவிடும். எல்லாப் பாடமும் படத்திற்கு உரியனவும் அல்ல. எலும்புகளின் பெயரும் தடுப்பூசி அட்டவணையும் வரிசையாகச் சொல்லிப் பழக வேண்டியவை. அவற்றுக்கு நம் பழைய வாய்பாட்டு முறையே போதும். ஒன்றால் ஒன்று விளைந்து, அதனால் மற்றொன்று கெட்டு, அதைக் காக்க வேறொன்று செய்ய வேண்டியுள்ள பாடங்களுக்கே படம் ஏற்றது. அதற்கும் வண்ணம் வேண்டா; பழைய நாட்காட்டித் தாளின் பின்புறமும் ஒரு பென்சிலும் அமையும். படித்து முடித்த நூலை மூடுக. கால்மணி நேரம் வரைக. பின்பு நூலைத் திறந்து விட்டவற்றை வேறு நிறத்தில் நிரப்புக. எங்கே அந்த நிறம் மிகுதியோ அங்கே மறுநாள் உழைக்க வேண்டும். இவ்வாறு யான் கூறியதை இரண்டாமவள் ஏற்றுக்கொண்டாள். மூத்தவர் படங்களைக் கைப்பேசியிலிருந்து நீக்கப்போவதாக மட்டும் அவள் வாக்களிக்கவில்லை. தேர்வுக்கு முதல்நாள் எதற்கும் இருக்கட்டும் என்றாள்.

மாலை வெயில் சாய்ந்தபின் மூன்றாமவள் புறப்பட எழுந்தாள். அவள் அதுவரை பென்சிலைத் தொடவே இல்லை. "நீ ஒன்று வரைந்து பாரேன், அம்மா" என்றேன். "வேண்டாம் ஐயா, நான் சொல்லிவிடுகின்றேன்" என்று கூறி, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடினாள். வலிப்பில் தொடங்கி, மருந்து, சிறுநீர், முழங்கால், மூச்சு, மாற்றுமருந்து வரை ஒவ்வோர் *ஆதலால்*-உம் ஒவ்வோர் *அதன்பின்*-உம் தத்தம் இடத்தில் நிற்க, ஒரு தடையுமின்றி ஒப்பித்தாள். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, "கால்சியத்தை வேகமாகச் செலுத்தக்கூடாது ஐயா, மெதுவாகத்தான், இது அவர்கள் படத்தில் இல்லை" என்றாள். பெயர்த்தி பென்சிலை எடுத்து, தன் தாளில் அதற்கு ஒரு கிளை வரைந்தாள்.